கோயிலுக்கு ஒரு ‘கோ’, கோபுரத்துக்கு ஒரு ‘கோ’

“மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் கோபுரம்.” இந்த நான்கு சொற்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘கோ’ என்ற எழுத்து மூன்று இடங்களில் வருகிறது. மூன்றையும் ஒரே மாதிரியா ஒலித்தீர்கள்? கோயிலில் வரும் ‘கோ’வின் மெய்யொலி பிறக்கும்போது தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிர்வதில்லை. கோபுரத்திலும் ராஜகோபாலனிலும் வரும் ‘கோ’வில் அவை அதிர்கின்றன. மன்னார்குடியின் ‘கு’வும் இந்த இரண்டாம் வகையே. பள்ளிக்கூடத்தில் எவரும் இதை நமக்குச் சொல்லித் தரவில்லை. பிறர் பேசக் கேட்டுக் கேட்டு நம் நாக்கு தானாகவே கற்றுக்கொண்டது.

இதே சொற்களை ஒரு கணிப்பொறியிடம் கொடுத்து, ‘படி’ என்று ஆணையிட்டால் என்ன ஆகும்? அது யாருடைய பேச்சைக் கேட்டு வளர்ந்தது? எழுத்தைப் பார்த்துப் பேசும் ஒரு நிரலை, அதாவது புரோகிராமை, இக்கட்டுரையில் எடைபோட்டுப் பார்ப்போம். அதன் பெயர் ‘ஈஸ்பீக் என்ஜி’. விலை கிடையாது. இணையத் தொடர்பும் வேண்டாம். சாதாரண மேசைக் கணிப்பொறி ஒன்றும் ஓர் ஒலிபெருக்கியும் இருந்தால் போதும்.

பேசும் கருவி

இந்த நிரலை 1995-ல் எழுதத் தொடங்கியவர் ஜோனதன் டடிங்டன். ஏகார்ன் என்ற பிரிட்டிஷ் கணிப்பொறிக்காகவே அவர் முதலில் இதை எழுதினார். 2006-ல் இது ‘ஈஸ்பீக்’ என்னும் பெயரில் லினக்ஸுக்கு வந்தது. 2015-ன் இறுதியில் அதிலிருந்து கிளைத்து, பலர் கூடி வளர்க்கும் நிரலாக ஆனதே ‘ஈஸ்பீக் என்ஜி’. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளை இது பேசுகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. இத்தனை மொழிகளும் சேர்ந்து கணிப்பொறியில் அடைத்துக்கொள்ளும் இடம், ஒரு சில திரைப்படப் பாடல்களுக்கு வேண்டிய இடந்தான்.

இதற்குப் படங்களோ பொத்தான்களோ கிடையாது. கட்டளை வரியில் நிரலின் பெயரை அடித்து, ஒரு சிறு கோட்டுடன் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தையும், தமிழைக் குறிக்கும் ‘டிஏ’ என்ற இரண்டு எழுத்துகளையும் அடிக்க வேண்டும். பிறகு படிக்க வேண்டிய வாக்கியத்தை மேற்கோள் குறிகளுக்குள் கொடுத்தால் பேசிவிடும். ‘எஸ்’ என்ற குறி வேகத்தை மாற்றும். ‘பி’ குரலின் சுருதியை ஏற்றி இறக்கும். ‘எஃப்’ ஒரு முழுக் கோப்பையும் படிக்கச் சொல்லும். ‘டபிள்யூ’ பேச்சை ஒலிக் கோப்பாகச் சேமித்துத் தரும். ஒரு பாடத்தை இப்படி ஒலிக் கோப்பாக்கி, கைப்பேசியில் போட்டுக் கேட்கலாம்.

கட்டளை அடிப்பது கடினம் என்று எண்ண வேண்டாம். பார்வையற்ற ஒருவருக்குத் திரையில் பொத்தானைத் தேடி அம்புக்குறியை நகர்த்துவதைவிட, விசைப்பலகையில் ஒரு வரி அடிப்பது எளிது. அவர்களுக்காகத் திரையைப் படித்துக் காட்டும் என்விடிஏ, ஆர்க்கா ஆகிய நிரல்களுக்கும் இந்த ஈஸ்பீக் குரல் கொடுக்கிறது.

குரல் பிறக்கும் விதம்

இதற்குள் எந்த மனிதரின் சொற்களும் பதிந்து வைக்கப்படவில்லை. நாம் பேசும்போது குரல்நாண்களின் அதிர்வு தொண்டை, வாய் ஆகிய குழாய் வழியே வெளிவருகிறது. குழாயின் வடிவத்திற்கேற்பச் சில அதிர்வெண்கள் மட்டும் வலுப்பெறுகின்றன. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். ஆண் குரலில் ‘ஆ’ என்னும்போது ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸிலும் 1,100 ஹெர்ட்ஸிலும் ஒலி வலுக்கிறது. ‘ஈ’ என்னும்போது ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸிலும் 2,300 ஹெர்ட்ஸிலும் வலுக்கிறது. இந்த எண்களைத் தெரிந்துகொண்டால், அலைகளைக் கூட்டிச் சேர்த்தே உயிரொலிகளைச் செய்துவிடலாம். ஈஸ்பீக் அதைத்தான் செய்கிறது. ‘ஸ்’ போன்று குரல்நாண் அதிராத ஒலிகளுக்கு மட்டும் சிறு ஒலித்துணுக்குகளைப் பதிந்து வைத்திருக்கிறது.

எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பதை முடிவு செய்வது வேறொரு பகுதி. அதற்கு மொழிதோறும் ஒரு விதிக் கோப்பும் ஒரு சொற்பட்டியலும் உண்டு. ‘இன்ன எழுத்துக்குமுன் இன்னது வந்து, பின் இன்னது வந்தால், இன்ன ஒலி’ என்ற வடிவில் ஒவ்வொரு விதியும் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. எழுத்துகள் வாயில் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியல் விளக்குகிறது. சொல்லின் ஈற்றில் வல்லினமெய்யின்மேல் ஏறிவரும் உகரம் குறுகும் என்பதும் நம் இலக்கண நூல்களில் உள்ளதுதான். இந்த விதிகளை இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதினால், அது தமிழைப் படிக்கத் தொடங்கிவிடும்.

நிறைகள்

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். தூய தமிழ்ச் சொற்களால் ஆன வாக்கியங்களுக்கு விதிவழிப் படிப்பு நன்றாகப் பொருந்துகிறது. ‘க’ என்ற ஓர் எழுத்து ‘கல்’லில் ஒரு விதமாகவும், ‘சங்க’த்தில் ஒரு விதமாகவும், ‘அக’த்தில் ஒரு விதமாகவும் ஒலிக்கிறது. சொல்லின் முதலா, மெல்லினத்துக்குப் பின்னா, இரண்டு உயிர்களுக்கு நடுவிலா என்று இடத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தைப்போல ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக எழுத்துக்கூட்டல் கற்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்துமுறையின் பெருமை இது.

இரண்டாவது நிறை வேகம். சாதாரணமாக நிமிடத்துக்கு 175 சொற்கள் என்ற கணக்கில் படிக்கிறது. பழகியவர்கள் இதை இரண்டு மடங்காக்கியும் கேட்பார்கள். மனிதக் குரலின் பதிவை அவ்வளவு வேகமாக ஓட்டினால் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். கணக்கிட்டுச் செய்த குரல் அந்த வேகத்திலும் தெளிவு குன்றாமல் நிற்கும். ஆனால், இந்த 175 ஆங்கிலச் சொல்லின் நீளத்தை மனத்தில் வைத்து அமைந்த கணக்கு. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது தமிழில் ஒரே சொல்! ஆகவே வேகத்தை உங்கள் காதுக்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டுமேயன்றி எண்ணை நம்பக் கூடாது.

மூன்றாவது நிறைதான் பெரிது. இந்த நிரல் தன் வேலையை மறைப்பதில்லை. ‘எக்ஸ்’ என்ற குறியைச் சேர்த்தால், எந்தெந்த ஒலியைத் தேர்ந்தெடுத்தது என்று எழுதிக் காட்டும். அதையே பெரிய எழுத்தாகக் கொடுத்தால், எந்த விதிப்படி தேர்ந்தெடுத்தது என்றும் காட்டும். தப்பாகக் கணக்குப் போட்டாலும் வழிமுறையை முழுவதும் எழுதிக் காட்டும் மாணவனைப் போன்றது இது. அப்படிப்பட்டவனைத் திருத்துவது எளிதல்லவா?

குறைகள்

குரல் இனிமையாக இல்லை. தகரத்தைத் தட்டியது போன்ற ஓசை. வாக்கியத்தின் ஏற்ற இறக்கம் நிறுத்தக்குறிகளை நம்பியே அமைகிறது. ‘மழை பெய்ததா’ என்பதன் முடிவில் கேள்விக்குறி இடாவிட்டால், கேள்வி செய்தியாகிவிடும். ‘ஆ’ என்ற வினா எழுத்தே நமக்குக் கேள்வியின் அடையாளம். இயந்திரத்துக்கு அது சொல்லின் ஈற்றிலுள்ள ஓர் உயிர், அவ்வளவே. பழக்கமில்லாத முதியவர் ஒருவருக்கோ சிறு குழந்தைக்கோ இதில் கதை படித்துக் காட்டினால், சில நிமிடங்களில் சலித்துப் போவார்கள். உச்சரிப்பைக் கற்றுத்தரும் ஆசிரியராக இதை ஒருக்காலும் கொள்ளக் கூடாது.

இவை காதுக்குத் தெரியும் குறைகள். தெரியாத குறைகளே ஆபத்தானவை.

முதலாவது, பிறமொழிச் சொற்கள். விதி மட்டுமே துணையென்றால், கோயிலின் ‘கோ’வே கோபுரத்துக்கும் வந்து சேரும். ‘ராஜகோபால’ என்பதில் ககரம் இரண்டு உயிர்களுக்கு நடுவில் நிற்பதால், ‘அக’த்தில் வரும் மெல்லிய ஒலியாகிவிடும். மன்னார்குடியைத் தொட்டு ஓடும் பாமணி ஆற்றின் ‘பா’வும், பாமா என்ற பெண்ணின் பெயரிலுள்ள ‘பா’வும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. ‘கேஸ்’ என்று எழுதியிருந்தால் அது அடுப்புக்கு வந்த எரிவாயுவா, நீதிமன்றத்துக்குப் போன வழக்கா? வாக்கியத்தின் பொருள் தெரிந்தால்தான் ஒலி தெரியும். இது இயந்திரத்தின் குற்றம் அன்று. எழுத்து சொல்லாமல் விட்டதை அது எங்கிருந்து அறியும்? விதிவிலக்காகச் சொற்பட்டியலில் ஒருவர் எழுதி வைத்தால் கோபுரம் சரியாகும். ‘கேஸ்’ அப்போதும் சரியாகாது.

இரண்டாவது, எண்கள். டெல்டாவில் ஒரு நாளிதழ்ச் செய்தி எப்படி இருக்கும்? மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., பாசனத்துக்கு அணை திறக்கும் மரபான நாள் ஜூன் 12 என்று வரும். ‘1934-ல் கட்டி முடித்தார்கள்’ என்பதை நாம் ‘முப்பத்து நான்கில்’ என்று உருபைச் சேர்த்துப் படிக்கிறோம். எண்ணை ஒரு துண்டாகவும் ‘ல்’லை இன்னொரு துண்டாகவும் எடுக்கும் நிரல், இரண்டையும் ஒட்டாமல் உதிர்க்கிறது. ‘சி.ஆர். 1009’ என்ற நெல்லை உழவர்கள் ‘ஆயிரத்தொன்பது’ என்பார்கள். அதே நான்கு இலக்கங்கள் தொலைபேசி எண்ணின் கடைசியில் வந்தால் ‘ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், ஒன்பது’ என்போம். 1/2 மா நிலம் என்றால் ‘அரை மா’. 1/2 தேதி என்றால் பிப்ரவரி முதல் நாள். ‘டி.எம்.சி.’யில் உள்ள புள்ளிக்கும் வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை.

இதில் சிரிப்பதற்கு இடமில்லை. பூச்சிமருந்துப் புட்டியின் குறிப்பில் ‘1 லிட்டருக்கு 2.5 மி.லி.’ என்று உள்ளதைப் பார்வை மங்கிய உழவர் ஒருவர் காதால் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள புள்ளி அவர் காதில் விழாவிட்டால் அளவு பத்து மடங்காகிவிடும். கோபுரத்தின் ‘கோ’ பிழையானால் அவரே மனத்துக்குள் திருத்திக்கொள்வார். எண் பிழையானால் திருத்த அவரிடம் எந்தத் துணையும் இல்லை.

மூன்றாவது, பழைய கோப்புகள். ஒருங்குறி வருவதற்குமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பக்கங்கள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ஏராளமாகத் தேங்கிக் கிடக்கின்றன. திரையில் அவை தமிழ். கணிப்பொறியின் உள்ளே அவை ஆங்கில எழுத்துகள். நிரல் அவற்றை ஆங்கிலமாகவே எடுத்துக்கொண்டு உளறும். தமிழக அரசு 2010-ல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின்னும் பழைய எழுத்துருவிலேயே தட்டச்சிடும் ஒவ்வொரு பக்கமும், கண்ணில்லாதவருக்குப் பூட்டிய கதவாகிவிடுகிறது. இந்தக் குறைக்குப் பொறுப்பு நிரல் அன்று, நாம்தான்.

இனிய குரல்கள்

“இப்போது மனிதரைப் போலவே பேசும் குரல்கள் வந்துவிட்டனவே, இந்தத் தகரக் குரல் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னை ஐ.ஐ.டி.யின் தலைமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து, மனிதரின் பேச்சைப் பதிந்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குக் குரல்களை உருவாக்கியுள்ளன. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய பாஷினித் திட்டமும் இந்த வழியில் உழைக்கிறது. பெரிய வணிக நிறுவனங்களின் தமிழ்க் குரல்களும் உண்டு. பல மணி நேரப் பேச்சைக் கேட்டுக் கற்றவை இவை. ஆகவே கோயிலையும் கோபுரத்தையும் பெரும்பாலும் சரியாகவே வேறுபடுத்துகின்றன. இனிமையில் ஈஸ்பீக் இவற்றின் அருகில்கூட வர முடியாது.

ஆனால் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. ஒன்று, இவற்றுள் பலவற்றுக்கு இணையம் வேண்டும், அல்லது வலிமை மிக்க கணிப்பொறி வேண்டும். மற்றொன்று, இக்குரல்கள் தவறும்போது காரணம் தெரிவதில்லை. கற்றுக்கொண்டு பேசும் நிரல்கள் சில வேளைகளில் ஒரு சொல்லை விழுங்கிவிடுவதும், ஒரு சொல்லை இரண்டு முறை சொல்வதும் ஆய்வாளர்கள் அறிந்த குறையே. தவறையும் அவை இனிமையாகவே சொல்லும்! கேட்பவருக்கு ஐயம் எழுவதில்லை. மேலும், அந்த ஒரு சொல்லை மட்டும் மன்னார்குடியில் இருக்கும் ஒரு தமிழாசிரியர் திருத்த நினைத்தால், அவர் கைவைப்பதற்கு அங்கே எந்த வரியும் இல்லை. ஈஸ்பீக்கின் தவறோ என்றும் ஒரே மாதிரியான தவறு. நேற்று தவறிய இடத்திலேயே இன்றும் தவறும். திருத்திவிட்டால் நாளை தவறாது.

எதைக்கொண்டு அளப்பது?

பேசும் கருவிகளை மதிப்பிடும்போது, குரல் எவ்வளவு இயல்பாக உள்ளது என்று பலரிடம் கேட்டு, ஐந்துக்கு இத்தனை மதிப்பெண் என்று போடுவது வழக்கம். இது பாட்டுப் போட்டிக்குப் பொருந்தும். படிப்பதற்குக் காதையே நம்பியிருப்பவருக்கு இது போதாது. ‘கேட்பவரால் கண்டுபிடிக்க முடியாத தவறுகள் எத்தனை?’ என்பதே அவருக்கு உண்மையான அளவுகோல்.

இதை அளக்க ஓர் அழகிய முறை உண்டு. இலக்கணப்படி சரியாகவும் பொருளில்லாமலும் இருக்கும் வாக்கியங்களைப் படிக்கச் சொல்வார்கள். ‘பச்சைக் கதவு மூன்று மழையைத் தைத்தது’ என்பது போல. பொருள் இல்லாததால் ஊகித்து நிரப்ப முடியாது. காதில் விழுந்ததை மட்டுமே எழுத முடியும். நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். ஒருவர் இத்தகைய பத்து வாக்கியங்களைத் தட்டச்சிடட்டும். மற்றவர் திரையைப் பார்க்காமல் கேட்டு எழுதட்டும். அடுத்து அலை, அளை, அழை. மனம், மணம் என நெருங்கிய ஒலிச் சொற்களைக் கலந்து கொடுங்கள். கடைசியாக எண்கள்: 93.47, 1/2, 2.5 மி.லி., 1934-ல். எழுதியதையும் கொடுத்ததையும் ஒப்பிட்டுப் பிழைகளை எண்ணுங்கள்.

ஒரு நியாயத்தையும் கடைப்பிடியுங்கள். ரகரத்தையும் றகரத்தையும் இன்று நம்மில் பலர் வேறுபடுத்திப் பேசுவதில்லை. நாம் செய்யாததை இயந்திரம் செய்யவில்லை என்று மதிப்பெண் குறைப்பது சரியாகாது.

திருத்தும் வழி

பிழைப் பட்டியல் கிடைத்தபின் என்ன செய்வது? இங்கேதான் இந்த எளிய நிரலின் சிறப்பு வெளிப்படுகிறது. தமிழுக்கான விதிக் கோப்பும் சொற்பட்டியலும் எவரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புகள். ‘கோபுரம்’ என்று எழுதி, ஓர் இடம் விட்டு, அதற்குரிய ஒலிக்குறிகளை எழுதினால் அது ஒரு விதிவிலக்கு. நம் சொந்தச் சேர்க்கைகளைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. பிறகு ஒரே ஒரு கட்டளையால் அதைத் தொகுத்துவிடலாம். நிரல் பொது உரிமத்தில் உள்ளதால், திருத்தத்தை அதை வளர்ப்போருக்கு அனுப்பலாம். அவர்கள் ஏற்றுக்கொண்டால், அடுத்த பதிப்பில் உலகெங்கும் தமிழ் கேட்போர் அனைவருக்கும் அது போய்ச் சேரும்.

இதற்கு வேண்டியது கணிப்பொறிப் பட்டமன்று. எந்தச் சொல்லில் எந்த ஒலி என்று கூறும் காதும், விதியாக எழுதும் இலக்கணப் பயிற்சியும் வேண்டும். ஊர்ப் பெயர்கள், நெல் ரகங்கள், மருந்துப் பெயர்கள், பாடநூலின் அறிவியல் சொற்கள் என்று பிரித்துக்கொண்டு, ஒரு பள்ளியின் மாணவர்கள் ஒரு விடுமுறையில் சில நூறு சொற்களைச் சோதித்துவிடலாம். மதிலழகுக்குப் பெயர்பெற்ற ஊரின் பெயரைக் கணிப்பொறி பிழையில்லாமல் சொல்வதற்கு, அந்த ஊர்க்காரரைவிட வேறு யார் பொறுப்பேற்க முடியும்?

தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கதை கேட்க இது ஏற்றதன்று. உச்சரிப்புக் கற்கவும் ஏற்றதன்று. பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவும், தட்டச்சிட்டதைக் காதால் சரிபார்க்கவும், பார்வையற்றவர் விரைந்து படிக்கவும் பெரிதும் ஏற்றது. எண்களையும் அளவுகளையும் மட்டும் இதை நம்பி முடிவு செய்யாதீர்கள். கண்ணுள்ள ஒருவரைக்கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குரல் இன்னும் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் தொழில்நுட்பம். மறு பாதி, திறந்து வைத்த ஏட்டில் நாம் இன்னும் போதிய அளவு எழுதாமல் இருப்பது. கோபுரத்தின் ‘கோ’வை நம் நாக்கு அறியும். அதை ஒரு வரியாக எழுதிக் கொடுத்தால், கணிப்பொறியும் அறிந்துகொள்ளும்.